கொகூலா குப்பைமேடு: 43 பேரை எரிச்சது உண்மையான்னு எலும்பை வச்சு பார்த்த கேஸ்

தாத்தா இறந்தப்போ மறுநாள் காலையில பால் தெளிக்க சுடுகாட்டுக்குப் போனோம். ராத்திரி முழுக்க விறகும் வறட்டியும் எரிஞ்சு அடங்கியிருந்தது, கிட்ட போனா இன்னும் முகத்துல சூடு அடிக்குது. அங்க வேலை பார்க்கிற அண்ணன் தண்ணி ஊத்தி ஆத்திட்டு, குச்சியால சாம்பலைக் கிளறி ஒவ்வொரு எலும்பா எடுத்து மூங்கில் தட்டுல வச்சார். மண்டையோட்டுத் துண்டு வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு மாதிரி இருந்தது, தொடை எலும்புல பாதி வெள்ளை, பாதி நீலம் கலந்த சாம்பல் நிறம், இடுப்புப் பக்கத்துத் துண்டு ஒண்ணு மட்டும் கரிக்கட்டை மாதிரி கறுப்பா இருந்தது. நான் கையில வாங்கினப்போ "மெதுவா பிடிங்க தம்பி, அழுத்தினா பொடிஞ்சிடும்"னார். இடுப்பு ஏன் கறுப்பா இருக்குன்னு கேட்டதுக்கு "அங்க விறகு சரிஞ்சிடுச்சு, காத்துப் போகல"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த துண்டைத் தேட ஆரம்பிச்சுட்டார். எரிஞ்ச எலும்பைப் பத்தின ஃபாரன்ஸிக் புத்தகத்துல பல பக்கத்துக்கு விளக்குற விஷயத்தை அவர் அந்த ஒரு வரியில சொல்லிட்டாருன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது.

இத எதுக்கு சொல்றேன்னா, மெக்சிகோவுல 43 மாணவர்கள் காணாம போன கேஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூங்கில் தட்டுதான் ஞாபகம் வருது. ஒரே ஒரு உடம்பு, அடுக்கி வச்ச விறகு, ஒரு முழு ராத்திரி, பக்கத்துல அனுபவம் உள்ள ஒரு ஆள், இவ்வளவு இருந்தும் காலையில ஒரு கலயம் நிறைய எலும்பு மிச்சம் இருந்துச்சு. மெக்சிகோ அரசாங்கம் சொன்னது என்னன்னா, திறந்த வெளி குப்பைமேட்டுல, ஒரே ராத்திரியில 43 பேரை அடையாளமே தெரியாத அளவுக்கு எரிச்சு, மறுநாள் சாயந்திரமே பொடி பண்ணி ஆத்துல கொட்டிட்டாங்கன்னு. இந்தக் கதையை அரசாங்கமே "வரலாற்று உண்மை"ன்னு பேர் வச்சு அறிவிச்சது. அது நிக்குமா நிக்காதான்னு எலும்பும் மண்ணும் நெருப்போட கணக்கும் என்ன சொல்லுச்சுங்கறதுதான் இந்த ஆய்வு.

முதல்ல சம்பவம். 2014 செப்டம்பர் 26 ராத்திரி, மெக்சிகோவுல கெர்ரேரோ மாநிலத்துல இருக்கிற இகுவாலா ஊர். அயோட்சினாபாங்கற இடத்துல கிராமப்புற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒண்ணு இருக்கு, அங்க படிக்கிற பசங்க பெரும்பாலும் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைங்க. 1968-ல ட்லாட்டெலோல்கோ சதுக்கத்துல மாணவர்களைச் சுட்டுக் கொன்ன அக்டோபர் 2-ஐ நினைவுகூர மெக்சிகோ சிட்டிக்குப் போகணும்னு பஸ்களை எடுத்துட்டு வர்றதுக்காக இகுவாலாவுக்கு வந்திருந்தாங்க. போலீஸ் பஸ்களை மறிச்சு சுட்டுச்சு. அந்த ராத்திரி 6 பேர் செத்தாங்க, அதுல 3 பேர் மாணவர்கள். இன்னும் 43 மாணவர்களைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு, அதுக்கப்புறம் அவங்களை யாரும் பார்க்கல.

நவம்பர் 7-ம் தேதி அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த ஹெசூஸ் முரில்லோ காரம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, கைதானவங்களோட வாக்குமூல வீடியோவைப் போட்டுக் காட்டினார். போலீஸ் பசங்களை "கெர்ரேரோஸ் யுனிடோஸ்"ங்கற போதைக் கும்பல்கிட்ட ஒப்படைச்சது, அவங்க பக்கத்து ஊரான கொகூலாவோட குப்பைமேட்டுக்குக் கொண்டு போய் கொன்னு, உடம்புகளை அடுக்கி டயர், விறகு, டீசல், பெட்ரோல் போட்டு நடுராத்திரியிலேருந்து மறுநாள் மதியம் வரைக்கும் எரிச்சாங்க, சூடு ஆறினதும் மிச்சத்தை உடைச்சுப் பையில அள்ளி சான் ஹுவான் ஆத்துல போட்டாங்கன்னு சொன்னார். 2015 ஜனவரி 27-ம் தேதி இதுதான் வரலாற்று உண்மைன்னு முடிச்சு வச்சுட்டாங்க.

பெத்தவங்க இத ஏத்துக்கல. அவங்க கேட்டுக்கிட்டதாலதான் அர்ஜென்டினா ஃபாரன்ஸிக் ஆந்த்ரபாலஜி டீம் உள்ள வந்தது. இவங்க யாருன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அர்ஜென்டினா ராணுவ ஆட்சியில காணாம போனவங்களோட எலும்பைத் தோண்டி எடுத்து அடையாளம் காண 1984-ல இளம் மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கின குழு, அமெரிக்க எலும்பு நிபுணர் கிளைட் ஸ்நோ அவங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அரசாங்கம் சொல்ற கதையை நம்பாத குடும்பங்களுக்காக வேலை செஞ்சே வளர்ந்த ஆளுங்க, அதனால அந்த அம்மா அப்பாக்கள் இவங்களை நம்பினாங்க.

இப்போ எலும்புக்கு வருவோம், ஏன்னா இது தெரியாம அடுத்தது புரியாது.

உயிரோட இருக்கிற எலும்பு வெறும் கல்லு இல்ல. அதுல மூணுல ரெண்டு பங்கு கிட்ட தாது, அதாவது ஹைட்ராக்ஸிஅபடைட்னு சொல்ற கால்சியம் பாஸ்பேட் படிகம். மீதியில பெரும்பங்கு கொலாஜன் புரதம், அப்புறம் தண்ணி. வீடு கட்டுறப்போ காங்கிரீட்டும் கம்பியும் மாதிரின்னு வச்சுக்கங்க, தாது காங்கிரீட், கொலாஜன் கம்பி. கம்பி இருக்கிறதாலதான் எலும்பு லேசா வளைஞ்சு கொடுக்கும், விழுந்த உடனே கண்ணாடி மாதிரி சிதறாது. நெருப்பு முதல்ல தண்ணியை வெளியேத்தும். அடுத்து, 300 டிகிரி செல்சியஸ் வாக்குல தொடங்கி கொலாஜன் கருக ஆரம்பிக்கும், எலும்போட நிறம் பழுப்பாகி கறுப்பாகும், அந்தக் கறுப்பு கருகின புரதத்தோட கரிதான். இன்னும் சூடு ஏறி காத்தும் நல்லா கிடைச்சா அந்தக் கரியும் எரிஞ்சு போய் சாம்பல் நிறம், நீலச் சாம்பல் வரும். 700, 800 டிகிரியைத் தாண்டி போதுமான நேரம் நின்னா வெள்ளை. வெள்ளைன்னா கம்பி முழுக்கப் போயிடுச்சு, வெறும் தாது மட்டும் நிக்குதுன்னு அர்த்தம், ரெண்டு துண்டைத் தட்டினா பீங்கான் மாதிரி கிணுங்குன்னு சத்தம் கேட்கும், விரலால அழுத்தினா பொடியாயிடும்.

ஆனா இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. நிறத்தைப் பார்த்து "இது 650 டிகிரி"ன்னு தெர்மாமீட்டர் மாதிரி சொல்ல முடியாது. சூடு எவ்வளவுங்கறதோட எவ்வளவு நேரம், எவ்வளவு காத்துங்கறதும் சேர்ந்துதான் நிறத்தை முடிவு பண்ணும். காத்து போகாத இடத்துல அதிக சூட்டுலயும் எலும்பு கறுப்பாவே நிக்கும், சுடுகாட்டு அண்ணன் சொன்னது அதைத்தான். ஒரே ஆளோட ஒரே எலும்புல ஒரு முனை வெள்ளையாவும் இன்னொரு முனை பழுப்பாவும் இருக்கலாம், தோலும் சதையும் மெல்லிசா இருக்கிற மண்டை, முன்னங்கால், விரல் எல்லாம் சீக்கிரம் நெருப்பைப் பார்க்கும், தடியான தசைக்குள்ள இருக்கிற இடுப்பு, முதுகெலும்பெல்லாம் கடைசி வரைக்கும் தப்பிக்கும். அதனால எந்த எலும்பு எந்த நிறத்துல இருக்குங்கறதை மொத்தமா வச்சுப் பார்த்தா உடம்பு எப்படி கிடந்தது, நெருப்பு எந்தப் பக்கம் இருந்து வந்ததுன்னு ஒரு படம் கிடைக்கும். தனித்தனியா பொறுக்கின துண்டுல அந்தப் படம் கிடைக்காது.

அளவும் மாறும். குறைஞ்ச சூட்டுல எலும்பு சுருங்குறது 1, 2 சதவீதம்தான், ஆனா 800-ஐத் தாண்டினா 10 சதவீதத்துக்கு மேலயும் சுருங்கலாம், அப்போ ஒரு பெரிய ஆணோட எலும்பு சின்ன ஆளோடது மாதிரி தெரியும், அளவை வச்சு ஆணா பெண்ணா, உயரம் எவ்வளவுன்னு சொல்ற ஃபார்முலா எல்லாம் தடுமாறும். வடிவமும் மாறும், அப்பளத்தைத் தணல்ல காட்டினா வளையுமே அந்த மாதிரி நீள எலும்பு முறுக்கிக்கும். விரிசல் விழும், நீளவாக்குல, குறுக்குவாக்குல, நகப்பிறை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. சதையோட எரிஞ்ச எலும்புலதான் முறுக்கலும் பிறை விரிசலும் வரும், காய்ஞ்ச எலும்புல வராதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, பின்னாடி நடந்த பரிசோதனைகள்ல காய்ஞ்ச எலும்புலயும் அது வரும்னு தெரிஞ்சுது, ஆக ஒரே ஒரு அடையாளத்தை வச்சுக்கிட்டு தீர்ப்பு எழுதக்கூடாது. இதே மாதிரி இன்னொரு நம்பிக்கை, நெருப்புல மூளை கொதிச்சு மண்டையோடு வெடிக்கும்னு. எலேன் போப்னு ஒரு ஆய்வாளர் மனித உடல்களை எரிச்சு நேரடியா பார்த்துட்டு அப்படி வெடிக்கிறதில்லன்னு காட்டினார், ஓடு விரிசல் விட்டு அடுக்கு அடுக்கா பிரிஞ்சு விழும், மேல ஏதாவது சரிஞ்சா உடையும், அவ்வளவுதான்.

டிஎன்ஏ விஷயம்தான் குடும்பங்களுக்கு ரொம்பக் கொடுமையானது. கொலாஜன் கருகக் கருக டிஎன்ஏவும் சேர்ந்து அழிஞ்சு போகும், பழுப்பு எலும்புல கிடைக்க வாய்ப்பு உண்டு, கறுப்புல கஷ்டம், வெள்ளையான எலும்புல கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடைக்காது. பல்லோட மேல் எனாமல் சூட்டுல சிதறிடும், ஆனா தாடைக்குள்ள புதைஞ்ச வேர் தப்பிக்கும். அப்புறம் காதுக்கு உள்பக்கம் இருக்கிற பெட்ரஸ் எலும்பு, நம்ம உடம்புலயே ரொம்ப கெட்டியான எலும்பு, அதுவும் நெருப்பைத் தாங்கும். இந்த ரெண்டும் இந்தக் கேஸ்ல முக்கியம், ஞாபகம் வச்சுக்கங்க.

சரி, கொகூலா குப்பைமேடு. அர்ஜென்டினா குழு அங்க இறங்கி மாசக்கணக்குல சல்லடை போட்டாங்க. எரிஞ்ச எலும்புத் துண்டு ஆயிரக்கணக்குல கிடைச்சது, அதனால "பார்த்தீங்களா, எரிச்சிருக்காங்க"ன்னு அரசாங்கத் தரப்பு சொல்லிடலாம். ஆனா குப்பைமேட்டுல எலும்பு இருக்குங்கறதும் அந்த 43 பேரோட எலும்பு அந்த ஒரு ராத்திரியில எரிஞ்சதுங்கறதும் ஒண்ணு இல்ல. கிடைச்சதுல மிருக எலும்பு நிறைய கலந்து இருந்தது. மனுஷ எலும்புல எத்தனை ஆளுன்னு எப்படி எண்ணுவாங்கன்னா, ஒரு ஆளுக்கு வலது காது எலும்பு ஒண்ணுதான், இடது காது எலும்பு ஒண்ணுதான், அதனால நெருப்புக்குத் தப்பின காது எலும்பை எண்ணினா குறைஞ்சபட்சம் எத்தனை பேருன்னு வந்துடும். அப்படி எண்ணினதுல வந்தது 19. குறைஞ்சது 19 பேரோட மிச்சம் அங்க இருக்கு, ஆனா அந்த 19 பேர் யாருன்னோ எப்போ செத்தாங்கன்னோ அந்த எண்ணிக்கை சொல்லாது. அதுல ஒரு தாடைத் துண்டுல நிரந்தரமா பொருத்தின பல் கட்டு இருந்துச்சு. 43 பசங்கள்ல யாருக்கும் அப்படி ஒரு பல் கட்டு கிடையாதுன்னு குடும்பங்கள்கிட்ட வாங்கின விவரத்துல இருந்தது. அப்போ அந்தக் குப்பைமேட்டுல வேற யாரோட எலும்போ இருக்கு. கெர்ரேரோ மாநிலத்துல ஆளுங்க காணாம போறது அந்த ஒரு ராத்திரியோட நிக்கல, அந்த ஒரு தாடைத் துண்டுக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் எங்கயோ தேடிட்டு இருக்கும், எனக்கு இதை நினைக்கும்போதே மனசு கனக்குது.

பழைய சாட்டிலைட் படங்களைப் புரட்டினா அந்த இடத்துல முந்தின வருஷங்கள்லயும் பல தடவை தீ மூட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. ஆனா எரிச்சாங்கன்னு சொல்ற 2014 செப்டம்பர் 27-ம் தேதி அங்க பெரிய நெருப்பு எதுவும் சாட்டிலைட்ல பதிவாகல, அன்னிக்கு ராத்திரி அந்தப் பகுதியில மழை வேற பெய்ஞ்சிருக்கு. ஒரு பெரிய சிதை எரிஞ்சா அடியில இருக்கிற மண்ணும் கல்லும் அதைச் சொல்லும், சுத்தி நிக்கிற செடி மரம் சொல்லும். இங்க இருந்த அடுக்குகள் பல சின்னச் சின்ன தீ பல காலத்துல எரிஞ்சதைக் காட்டுச்சே தவிர ஒரு மாபெரும் நெருப்பைக் காட்டல. 2016 பிப்ரவரி 9-ம் தேதி அர்ஜென்டினா குழு தன்னோட முழு அறிக்கையை வெளியிட்டுச்சு, 43 பேரை அந்த இடத்துல அந்த நேரத்துல எரிச்சாங்கங்கற முடிவுக்கு ஆதாரம் இல்லன்னு.

நெருப்போட கணக்கைப் போட்டவர் வேற ஆளு. அமெரிக்க நாடுகளோட மனித உரிமை ஆணையம் 5 பேர் கொண்ட சுதந்திரமான நிபுணர் குழுவை மெக்சிகோவுக்கு அனுப்பியிருந்துச்சு. அவங்க ஹோசே டொரேரோவைக் கூப்பிட்டாங்க, பெருவுல பிறந்த தீ பொறியியல் நிபுணர், உலக வர்த்தக மையக் கட்டடங்கள் விழுந்ததை எல்லாம் ஆராய்ஞ்சவர், அப்போ ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல இருந்தார். 2015 ஜூலையில குப்பைமேட்டை நேர்ல போய்ப் பார்த்தார். அவர் போட்ட கணக்கு செப்டம்பர்ல வந்த அறிக்கையில இருக்கு: 43 உடம்பை அரசாங்கம் சொல்ற நிலைக்கு எரிக்கணும்னா சுமார் 30,000 கிலோ விறகு வேணும், டயர்னா 13,330 கிலோ, நெருப்பு 60 மணி நேரம் எரியணும். புகைத்தூண் 300 மீட்டர் உயரத்துக்குப் போகும், பல கிலோமீட்டருக்கு அப்பால இருந்து தெரியும். அவ்வளவு பெரிய நெருப்புக்குப் பக்கத்துல யாராவது போய் டயரோ விறகோ போட்டா அவங்களே வெந்து போவாங்க. சுத்தி இருந்த செடி கொடிகள்ல அந்த அளவு சூட்டோட அடையாளமே இல்ல.

இந்த எண்களை முதல்ல படிச்சப்போ எனக்கு ஆச்சரியம் வரல. 30,000 கிலோவை 43-ஆல வகுத்தா ஒரு ஆளுக்கு கிட்டத்தட்ட 700 கிலோ விறகு. ஏன் இவ்வளவுன்னா, மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணி, அந்தத் தண்ணியை ஆவியாக்கவே நிறைய சூடு செலவாகும், திறந்த வெளியில மீதி சூட்டுல பெரும்பகுதி காத்தோட போயிடும், கொழுப்பு உருகி எரிய உதவும்தான், ஆனா அது போதாது. மூடின எரியூட்டும் அறையில, கேஸ் அடுப்புல, சுத்தி செங்கல் சுவரு சூட்டைத் திருப்பி அடிக்கிற இடத்துல கூட ஒரு உடம்புக்கு ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் ஆகுது. ஜெர்மனியில எரியூட்டு நிலையத்துல 670-லேருந்து 810 டிகிரியில நடந்த ஒரு ஆய்வுல, மண்டையோட்டு மேல்பகுதி எலும்பு வெளியே தெரியவே 20 நிமிஷம் கிட்ட ஆச்சுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. அப்புறமும் பெரியவங்க ஒருத்தருக்கு 2, 3 கிலோ எலும்பு மிஞ்சும், அதை மெஷின்ல போட்டு அரைச்சுத்தான் "சாம்பல்"னு கொடுக்கிறாங்க. திறந்த வெளியில, மழை பெய்ஞ்ச குப்பைமேட்டுல, உடம்பு மேல உடம்பா குவிச்சு வச்சா நடுவுல இருக்கிறதுக்குக் காத்தே போகாது, வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் கரி, நட்டநடுவுல வேகாத சதை, இப்படித்தான் மிஞ்சணும்.

இன்னொரு கணக்கு நானே போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 2 கிலோன்னே வச்சாலும் 43 பேருக்கு 86 கிலோ எலும்பு. ஒரு இளைஞனுக்கு 28 பல்லுன்னு குறைச்சே எடுத்தாலும் 1,204 பல், அத்தனைக்கும் வேர் இருக்கு. 86 காது எலும்பு. இதையெல்லாம் அன்னிக்கு சாயந்திரமே, இன்னும் கொதிக்கிற குவியல்ல இருந்து அள்ளி, கையால உடைச்சு, சல்லடை போட்டா கூட சிக்காத அளவுக்கு ஆத்துக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு நம்பச் சொல்றாங்க. எங்க தாத்தாவோட ஒரு சிதையைக் கிளறி எலும்பெடுக்க அந்த அண்ணனுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அப்புறமும் சாம்பல்ல சின்னச் சின்னத் துண்டு கிடந்துச்சு.

எதிர்க்கருத்தும் வந்தது, அதையும் சொல்லிடணும். 2016 ஏப்ரல் 1-ம் தேதி இன்னொரு தீ நிபுணர் குழு சார்பா பேசினவர், அங்க பெரிய கட்டுப்படுத்தப்பட்ட தீ இருந்தது, குறைஞ்சது 17 பேர் எரிக்கப்பட்டிருக்காங்கன்னு சொன்னார். அந்த 17-ங்கறது எப்போ எரிஞ்சது, அந்த ராத்திரிதானாங்கறதுக்கு அதுல விடை இல்ல, அறிவிச்ச விதமும் ஒருதலைப்பட்சம்னு சர்வதேச நிபுணர்கள் கண்டனம் தெரிவிச்சாங்க. டொரேரோ குயின்ஸ்லாந்துல பன்றி உடல்களை விறகு அடுக்கி எரிச்சு தன் கணக்கைப் பரிசோதனையிலயும் சரி பார்த்தார். என் பார்வையில இந்த வாதத்துல டொரேரோ பக்கம்தான் கனம் அதிகம், ஏன்னா நெருப்போட கணக்கு, நிலத்தோட அடையாளம், சாட்டிலைட், எலும்பு நாலும் தனித்தனியா வந்து ஒரே இடத்துல சேருது, எதிர்த்தரப்புல "எரிஞ்ச எலும்பு இருக்கு"ங்கற ஒண்ணு மட்டும்தான் நிக்குது.

ஆத்துப் பை விஷயம்தான் இந்தக் கேஸோட ரொம்ப சங்கடமான பகுதி. 2014 அக்டோபர் கடைசியில சான் ஹுவான் ஆத்துல இருந்து ஒரு பையை எடுத்ததா சொன்னாங்க, அதுல எரிஞ்ச எலும்புத் துண்டுகள். அதையும் குப்பைமேட்டுல கிடைச்ச சிலதையும் சேர்த்து 17 மாதிரிகளை ஆஸ்திரியாவுல இருக்கிற இன்ஸ்ப்ருக் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாங்க, சிதைஞ்ச டிஎன்ஏவைப் படிக்கிறதுல அவங்க பேர் போனவங்க. ஒரே ஒரு துண்டுல இருந்துதான் முழுசா ஒத்துப் போற டிஎன்ஏ கிடைச்சது, 2014 டிசம்பர்ல 43 பேர்ல ஒரு மாணவர் அடையாளம் காணப்பட்டார். மத்ததெல்லாம் சூட்டுல அவ்வளவு அழிஞ்சிருந்துச்சு.

இங்க கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். ஒரு மாணவரோட எலும்பு எரிஞ்ச நிலையில கிடைச்சது உண்மை. அவர் இறந்துட்டாருங்கறது உண்மை. ஆனா அந்த எலும்பு குப்பைமேட்டுல எரிஞ்சதுங்கறதுக்கு அது சாட்சி இல்ல, அது பையில இருந்து வந்தது. பை ஆத்துல இருந்துதான் வந்ததாங்கறதுக்கு சாட்சி அரசாங்கம் சொன்ன வாய்வார்த்தை, ஏன்னா பையைக் கண்டுபிடிச்சப்போ அர்ஜென்டினா குழுவை வச்சுக்கல, அவங்க வர்றப்போ பை ஏற்கனவே திறந்து கிடந்துச்சு. அந்தப் பை எடுக்கப்பட்டதா சொல்ற நாளுக்கு முந்தின நாள், அப்போ குற்ற விசாரணைப் பிரிவோட தலைவரா இருந்த தோமாஸ் செரோன் கைதி ஒருத்தரைக் கூட்டிட்டு அதே ஆத்தங்கரையில நடமாடின வீடியோ பின்னாடி வெளிய வந்தது, அந்த விசிட் விசாரணைக் கோப்புல பதிவே ஆகல. குப்பைமேட்டுக்கும் நவம்பர் 7-லேருந்து 28 வரைக்கும் காவல் போடல, யார் வேணா போய் எதை வேணா போட்டிருக்கலாம், அந்த இடைவெளியில அரசாங்க ஆளுங்க அர்ஜென்டினா குழு இல்லாம போய்த் தோட்டா உறைகளை வேற எடுத்துட்டு வந்தாங்க. எரிஞ்ச எலும்புல பல விஷயம் ஏற்கனவே அழிஞ்சு போயிருக்கும், மிச்சம் இருக்கிற ஒரே பலம் அது எங்க, எந்த அடுக்குல, எது பக்கத்துல கிடந்ததுங்கறதுதான். அந்தச் சங்கிலியை அறுத்துட்டா கையில இருக்கிறது யாரோ எங்கயோ எரிச்ச ஒரு துண்டு. இத அலட்சியம்னு சொல்லி என்னால கடந்து போக முடியல, பெத்தவங்களுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய பதிலை அவங்க கையில இருந்து பிடுங்கின மாதிரிதான் எனக்குத் தெரியுது.

வாக்குமூலங்கள் எப்படி வந்ததுங்கறதுக்கும் பின்னாடி பதில் கிடைச்சது. 2018 மார்ச்ல ஐநா மனித உரிமை அலுவலகம், இந்த வழக்குல கைதானவங்கள்ல குறைஞ்சது 34 பேர் சித்திரவதை செய்யப்பட்டாங்கன்னு நம்ப வலுவான காரணம் இருக்குன்னு அறிக்கை கொடுத்துச்சு. அடிச்சு வாங்கின வாக்குமூலம் "15 மணி நேரத்துல எரிச்சு முடிச்சோம்"னு சொல்லும், ஏன்னா அடிக்கிறவங்களுக்கு ஒரு உடம்பு எரிய எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது. அதே வருஷம் ஜூன்ல கூட்டாட்சி நீதிமன்றம் ஒண்ணு விசாரணை நியாயமா நடக்கலன்னு சொல்லி உண்மை ஆணையம் அமைக்க உத்தரவு போட்டுச்சு. 2022 ஆகஸ்ட்ல அரசாங்கத்தோட உண்மை ஆணையம் இது அரசு செய்த குற்றம்னு சொன்னதுக்கு அடுத்த நாளே முரில்லோ காரம் கைதானார். செரோன் அதுக்கு முன்னாடியே இஸ்ரேலுக்குப் போயிட்டார்.

2019 கடைசியில குப்பைமேட்டுல இருந்து சுமார் 800 மீட்டர் தள்ளி, கார்னிசெரியான்னு ஒரு பள்ளத்தாக்கு, அந்தப் பேருக்கே கறிக்கடைன்னுதான் அர்த்தம், அங்க தேடினப்போ எலும்புத் துண்டுகள் கிடைச்சது. இந்தத் தடவை எடுக்கும்போதே அர்ஜென்டினா குழு கூட இருந்துச்சு, எது எங்க கிடந்ததுன்னு பதிவு ஆச்சு, இன்ஸ்ப்ருக்குக்கே திரும்ப அனுப்பினாங்க. 2020 ஜூலையில பாத எலும்புத் துண்டு ஒண்ணு ரெண்டாவது மாணவரோடதுன்னு உறுதியாச்சு. 2021 ஜூன்ல முதுகெலும்புத் துண்டு ஒண்ணு மூணாவது மாணவரோடதுன்னு வந்துச்சு, 2015-ல இதே பையனோடதா இருக்கலாம்னு ஆத்துப் பை மாதிரியில இருந்து அரைகுறையா ஒரு முடிவை அரசாங்கம் சொன்னப்போ, அது போதாதுன்னு அர்ஜென்டினா குழு அப்பவே மறுத்திருந்தாங்க. வரலாற்று உண்மையில அந்தப் பள்ளத்தாக்குங்கற பேரே கிடையாது. அந்தக் கதைப்படி எல்லாரும் ஒரே இடத்துல எரிஞ்சு ஆத்துல போயிருக்கணும், இந்த ரெண்டு பேரோட எலும்பு வேற ஒரு இடத்துல மண்ணுல கிடந்திருக்கு.

ஒரு அப்பாவுக்குப் பாத எலும்போட ஒரு துண்டு மட்டும்தான் கிடைச்சிருக்கு. காலோட ஒரு எலும்பு இல்லாம கூட ஒருத்தர் உயிரோட இருக்க முடியும்தானேன்னு சில குடும்பங்கள் கேட்டாங்க, எலும்பு நிபுணர்கள் குடும்பங்கள்கிட்ட என்ன கிடைச்சது, எங்க கிடைச்சது, எவ்வளவு உறுதின்னு நிறுத்தி நிதானமா விளக்கினாங்க. மீதி 40 பேரோட அம்மா அப்பாக்கள் இன்னும் மாசா மாசம் 26-ம் தேதி பிள்ளைங்க படத்தைத் தூக்கிட்டு மெக்சிகோ சிட்டி தெருவுல நடக்கிறாங்க.